கேப்சூலுக்குக் குத்தூசி

4 பிப்ரவரி 2025
இன்று ஜோதியை மருந்து ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி. என் பெண்டாட்டி குடிப்பாளா என்று கேட்காத சொந்தக்காரன் பாக்கி இல்லை. இதைத் தீர்க்கிற மருந்து இன்னும் வரவில்லையாம், அதனால்தான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து கேப்சூல், பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க ஒரே மாதிரி. எது யாருக்கு என்று டாக்டருக்கே தெரியாதாம்.

"சரக்கு இன்னான்னு குடுக்கிறவனுக்கே தெரியாதா?" என்றேன்.

அங்கே ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் பார்க்கிற செல்லக்கனி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். "நாங்க யாவாரமா பண்ணுதோம் அண்ணாச்சி? சோதிச்சுல்லா பாக்கோம்" என்றாள்.

ஜோதி கையெழுத்துப் போட்டாள். என்னைக் கேட்கவில்லை.

19 பிப்ரவரி
ஜோதிக்கு ராத்திரியெல்லாம் அரிப்பு, இந்த வியாதிக்கு அது உண்டாம். சொறிந்து சொறிந்து முழங்கையெல்லாம் புண்.

11 மார்ச்
அரிப்பு குறைந்துவிட்டது என்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள். அப்போ மருந்துதானா? யாரும் வாய் திறப்பதில்லை. ஒரகடத்தில் பாதி ஹாஸ்டலுக்கு அரிசி போடுகிறவன் நான். சாக்கில் குத்தூசி குத்தி, அதன் வழியே சரிகிற நாலு அரிசியைக் கடித்துப் பார்க்காமல் ஒரு மூட்டை இறக்கினதில்லை. சைக்கிளில் விற்றவன் குடோன் கட்டினது அப்படித்தான். என் வீட்டுக்குள் மட்டும் பிரிக்காத மூட்டையா?

14 மார்ச்
ஒரு கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்தேன். வெள்ளைத் தூள். கசப்பில்லை, புளிப்பில்லை, ஒன்றுமே இல்லை. மருந்தென்றால் கசக்க வேண்டாமா? மாவேதான். ஜோதியிடம் சொன்னேன். "இதுக்காடி மாசாமாசம் கார் எடுத்துகினு போறோம்?" அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

22 மார்ச்
மறுபடி அரிப்பு. நான் சொன்ன அன்றையிலிருந்து. மாவு என்றால் முதலில் எப்படிக் கேட்டது? ஒரே எரிச்சல். யார் மேல் என்றால் —

1 ஏப்ரல்
ஆஸ்பத்திரியில் மிச்ச கேப்சூலை எண்ணினார்கள். ஒன்று குறைகிறது.

"கூட ஒண்ணு முழுங்கிட்டியளாக்கா?" என்றாள் செல்லக்கனி.

"நீங்க எண்ணினது தப்பா இருக்கும்" என்றாள் ஜோதி. எனக்காகத்தான்.

கணக்கு ஒத்துவராவிட்டால் அவளை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்த வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இருக்கிற ஒரே வழியும் போகும். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "நான்தாங்க. ருசி பாத்தேன்."

"ரெண்டும் ஒரே ருசிலதான் செஞ்சிருப்பாவ அண்ணாச்சி. உங்கள மாதிரி ஆளுக்காகத்தான்."

டாக்டர் கூடச் சிரித்தார். ஜோதி சிரிக்கவில்லை. கார் வல்லக்கோட்டை தாண்டினதும் சொன்னாள். "மாவோ மருந்தோ, நான் தூங்கிகினு இருந்தேன்யா. அதையும் பிரிச்சிப் போட்டுட்ட."



9 ஏப்ரல்
ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நடந்ததை எழுதிக்கொண்டார்கள். ஜோதி தொடரலாம். பேசி முடித்தது இது: கேப்சூல் டப்பா அவள் பீரோவில், சாவி அவள் இடுப்பில். வேண்டாமென்றால் அவள் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம். விலகச் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லை. மருந்து பலித்தால், கடைசியில் மாவு சாப்பிட்டவர்களுக்கும் அது உண்டு. அதுவரை எது என்று நான் கேட்கக் கூடாது.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஜோதி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். "வூட்ல அதுக்குப் பேரு மருந்து."

ஒத்துக்கொண்டேன்.