கோரைக்குள் கிடந்த வலை

பாகூர்,
ஞாயிறு காலை.

என் கண்ணு சத்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலமாக இருக்க அம்மன் துணையிருப்பாள். நாங்களும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உங்கப்பா வனத்துறை ஆதிமூலத்தோடு ஏரிக்குப் பறவைக் கணக்கெடுக்கப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி, நாளை பிரான்சுக்குக் கிளம்பும் ரோஸ்லின் கையில் வடகத்தோடு கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் பின்னால் வரும்.

நீ வாங்கிக் கொடுத்த பைனாகுலரால் வந்த வினை. ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பி வடக்கேயிருந்து வாத்துகள் இறங்கியதும் மனுஷன் விடியுமுன் கரைக்குப் போய்விடுவார், எனக்கு மூட்டுவலி என்றால் காதில் விழாது, ஊசிவால் வாத்து ஒன்று நொண்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வியாழக்கிழமை பேயறைந்த மாதிரி வந்து உட்கார்ந்தார். கோரைக்குள் ஒருத்தன் நைலான் நரம்பு வலை கட்டிக்கொண்டிருந்தானாம், யாரென்று பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்தால் உன் தம்பி ராஜ்கமல். வாத்து பிடித்துக் கறிக்கு விற்கிறான். ஞாயிறன்று ஆதிமூலம் வருவார், வலையைப் பார்த்தால் யாருடையது என்று கேட்பார், உங்கப்பாவுக்குப் பொய் வராது. பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிடுவீர்களா என்றேன். "கேட்டா சொல்லுவேன்" என்றார், அவ்வளவுதான். நான் பைனாகுலரை பீரோவில் வைத்துப் பூட்டினேன், என் புத்தி அவ்வளவுதான். அவர் சாவியைக்கூடக் கேட்கவில்லை, இன்று வெறுங்கண்ணோடுதான் போயிருக்கிறார்.

நேற்று மூலக்குளத்தில் இருக்கும் அவன் வீட்டுக்கே போய் வலையை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "இன்னா ஆயிடும், நாலு வாத்துக்கு ஜெயிலா" என்று சிரித்தான். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் நானே புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏரியில் இறங்கினேன், இடுப்பளவு தண்ணீர். வலையில் ஒரு வாத்து உயிரோடு மாட்டியிருந்தது சத்யா, கழுத்தில் நரம்பு இறுகி, கத்தக்கூட முடியாமல் என்னையே பார்த்தது. அதை விடுவிப்பதற்குள் நரம்பு என் விரலையெல்லாம் அறுத்துவிட்டது. நிமிர்ந்தால் மதகுப் பக்கம் ராஜ்கமல் நிற்கிறான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ தண்ணீரில் இறங்கி வலையின் மறுமுனையைச் சுருட்ட ஆரம்பித்தான். "நீ மேல ஏறும்மா, சேறு உள்ள வாங்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனான். எரித்தானா, விடியுமுன் வேறு இடத்தில் கட்டினானா, அது தெரியாமல்தான் வாசலையே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

இதோ, உங்கப்பா வந்துவிட்டார். ஏரி முழுக்கத் தேடியும் வலை ஒன்றும் இல்லையாம். காப்பி டம்ளரை வாங்கும்போது என் கையைப் பார்த்தார், மஞ்சள் குழைத்து வந்து ஒவ்வொரு விரலாகப் பூசினார். பிறகு சொன்னார்: "கரையில நின்னுனு இருந்தான். அவன் கையும் இப்படித்தான் இருந்துச்சு."

அங்கே குளிர் வந்திருக்கும், பேரனுக்குத் தலையை மூடு. எங்கள் இரண்டு பேர் ஆசியும் உங்கள் மூவருக்கும் உண்டு. பைனாகுலரை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டேன். மறக்காமல் தம்பிக்குப் போன் போடு, வலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, தை மாதம் பேரனுக்குக் காது குத்துவது அவன் மடியில்தான் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
மஞ்சள் கையோடு உன் அம்மா
தெய்வநாயகி