பதினோரு கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கேப்டன் அக்காவுக்கு,

உங்கள் பூட்டு எழுதுவது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அந்தக் குளிரில் முட்டி என்ன சொல்கிறது? ஆபரேஷன் செய்த காலை விமானத்தில் ஒன்பது மணி நேரம் மடக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். மாத்திரையை மறக்க வேண்டாம். மறப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அணியில் இருந்தபோது உங்கள் மாத்திரை டப்பாவைச் சுமந்தவளே நான்தானே.

போனில் எதுவும் பேசாதே, வீட்டு முகவரிக்குக் கடிதம் போடு என்று சொன்னீர்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனா பிடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பந்து பிடித்துப் பழகிய கை.

நீங்கள் உலகச் சம்மேளனத்தின் நெறிமுறைக் குழுவில் எடுத்துச் சொல்லும்போது யாரும் குழம்பிவிடக் கூடாது, அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன். நான் உங்கள் கையில் கொடுத்தது பச்சை அட்டை போட்ட வண்டி நோட்டு. நம் கால்பந்துச் சங்கத்து வண்டி எப்போது கிளம்பியது, யாரை ஏற்றியது என்று நான் எழுதுவேன், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று டிரைவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். உலகச் சம்மேளனத்திலிருந்து இரண்டு பேர் மைதானங்களைப் பார்வையிட வந்த நாள் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்று மைதானங்களையும் காலையிலிருந்து மாலை வரை சுற்றிப் பார்த்தோம், புல்லிலிருந்து வடிகால் வரைக்கும் எல்லாம் திருப்தி என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் உலகப் போட்டியை நடத்தும் உரிமை நமக்குக் கிடைத்தது. மூன்றையும் சுற்றி வர நூற்று நாற்பது கிலோமீட்டர் ஆகும். அன்றைக்கு அந்த வண்டி ஓடியது பதினோரு கிலோமீட்டர். ஹோட்டலிலிருந்து நம் சங்கத் தலைவரின் ஏரிக்கரை பங்களாவுக்குப் போய்த் திரும்பிய தூரம்.

பங்களாவில் என்ன பேசினார்கள், என்ன கைமாறியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். வண்டி எங்கே போகவில்லை என்பது மட்டும் தெரியும். பெரிய மைதானத்தின் வடக்கு கோல் போஸ்ட் அடியில் மழை பெய்தால் இன்றைக்கும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சேற்றில் எத்தனை தடவை விழுந்து எழுந்திருக்கிறேன். ஒரு நிமிடம் வந்து நின்றிருந்தால் அவர்கள் ஷூவே சாட்சி சொல்லியிருக்கும்.

இவர் நோட்டை நகல் எடுத்து வைத்துக்கொள் என்றார். எனக்கு வந்ததே கோபம். அக்காவிடம் கொடுப்பதற்கு நகல் எதற்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் அல்லவா, எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் பழக்கம். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மனசின் ஓரத்தில் பயம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஆனால் கிளம்பும்போது நீங்கள் சொன்னீர்களே, "உன் பேர் எங்கயும் வராது. நீ போஸ்ட்ல நில்லு, முன்னாடி நான் இருக்கேன்" என்று. அதை நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடுகிறது. மகள் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியில் கோல்கீப்பராக எடுக்கப்பட்டுவிட்டாள். பெரியம்மாவிடம் முதலில் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

என்றும் உங்கள்
பூட்டு


புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. தபாலில் எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து ஆறுதல் அடைகிறேன்.

உங்கள் குழுவின் அறிக்கையைப் பற்றி இங்கே பத்திரிகையில் வந்திருக்கிறது. முறைகேடு எதற்கும் ஆதாரம் இல்லையாம், போட்டி நம் நாட்டிலேயே நடக்குமாம். தெருவில் வெடி வெடித்தார்கள். அது கிடக்கட்டும். என் பெயர் எங்கேயும் வரவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். "பெயர் வெளியிடப்படாத சாட்சி" என்றுதான் போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில், "சங்கத்தின் வாகனப் பிரிவில் பணிபுரியும் பெண், தேசிய அணியின் முன்னாள் கோல்கீப்பர்." அக்கா, எங்கள் வாகனப் பிரிவில் மொத்தம் மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் மீசை இருக்கிறது.

அதற்கும் அடுத்த வரிதான் எனக்குப் புரியவே இல்லை. "இந்தச் சாட்சி தன் கூற்றுக்கு ஆவணம் எதையும் சமர்ப்பிக்கவில்லை." நோட்டு எங்கே போனது? குழுவில் உங்களுக்கு மேலே இருப்பவர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டார்களா? உங்களையும் ஏமாற்றினார்களா? நீங்கள் எதிர்த்துப் பேசியிருப்பீர்கள், ஒற்றை ஆளாக என்ன செய்ய முடியும் என்று இவரிடம் உங்களுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். இவரோ நகலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஆபீசில் என் மேசையைத் தூக்கி லிஃப்ட் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். வேலை எதுவும் கொடுப்பதில்லை. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் மகளின் ஜெர்சியைப் பிடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தேன். குண்டூசி குத்தியது குத்தியபடியே, தைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். நாட்டுக்கு வந்த பெருமையைக் கெடுக்கப் பார்த்தவளாம் நான்.

ஜெர்சியைத் தைத்திருந்தாலும் இனி போட்டுக்கொள்ள வழியில்லை. நேற்று அணிப் பட்டியலில் மகளின் பெயரைப் பேனாவால் அடித்திருந்தார்கள். கோச்சிடம் கேட்டதற்கு மேலிடத்து உத்தரவு என்று ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்.

நான் பொய்யாகப் புகார் ஜோடித்தேன் என்று சங்கம் விசாரணை வைத்திருக்கிறது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. குற்றம் என்று முடிவானால் வேலை போகும். அதோடு ஆயுசுக்கும் எந்த மைதானத்துக்குள்ளும் நான் கால் வைக்கக் கூடாது. மகள் என்றைக்காவது மறுபடி ஆடினாலும் நான் வாசலுக்கு வெளியே நின்று சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். நோட்டு ஒன்றுதான் என்னைக் காப்பாற்றும். எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

உங்கள்
பூட்டு


சனிக்கிழமை

மதிப்புக்குரிய நெறிமுறைக் குழு உறுப்பினர் அவர்களுக்கு,

இப்படித் தொடங்கினாலாவது பிரிப்பீர்களோ என்று பார்க்கிறேன். முதலில் அக்கா என்று எழுதிவிட்டு அடித்தேன். இனி அடிக்க மாட்டேன், இருபது வருடப் பழக்கம், கை கேட்காது.

நேற்று மகள் உங்கள் அறிக்கையை இணையத்திலிருந்து முழுதாக இறக்கிப் படித்தாள். பத்திரிகையில் வராத பக்கங்களும் அதில் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து முப்பத்தொன்றாம் பக்கத்தை வாசித்தாள். "மேற்படி சாட்சி தன் ஆட்டக்காலத்தில், ஒரு சர்வதேசக் காலிறுதியில் காயம் பட்டதுபோல் நடித்து நடுவரை ஏமாற்றியவர் என்று குழுவுக்குத் தெரியவருகிறது. எனவே அவருடைய நேர்மை ஐயத்துக்குரியது." வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நீ நடிச்சியா?" என்று கேட்டாள்.

அக்கா, அன்றைக்கு என்ன நடந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எழுபதாவது நிமிடம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். உங்களுக்குத் தொடை பிடித்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் இறங்கியாகிவிட்டது. நீங்கள் என் பக்கம் திரும்பிக் காலுறையை இரண்டு தடவை இழுத்துவிட்டீர்கள். அடுத்து வந்த பந்தைப் பிடித்ததும் நான் முட்டியைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். டாக்டர் ஓடி வந்தார். நடுவர் நம்பி ஆட்டத்தை நிறுத்தினார், கோச் நம்பினார், டாக்டரே நம்பிக் கட்டுப் போட்டார். அந்த நான்கு நிமிடத்தில் நீங்கள் தொடையை நீவிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். ஜெயித்தோம். மறுநாள் பத்திரிகையில் உங்களை இரும்பு மனுஷி என்றும் என்னைத் தொட்டாற்சிணுங்கி என்றும் எழுதினார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்டீ" என்றீர்கள். அன்றிலிருந்துதான் எனக்குப் பூட்டு என்று பெயர். எல்லோரும் கோல் போஸ்ட்டைப் பூட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டிய புருஷனிடம் கூட நான் அதைச் சொன்னதில்லை. பதினெட்டு வருடம். எந்த ஏட்டிலும் இல்லாத அந்த விஷயம் குழுவுக்கு எப்படித் தெரியவந்தது? சுவர் போய்ச் சொல்லியிருக்குமா? அந்த ஒரு பத்தி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், நோட்டை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று சாகும்வரை உங்களுக்காக வாதாடிக்கொண்டே இருந்திருப்பேன். அந்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன்.

இன்று காலைப் பத்திரிகையில் உங்கள் படம். பெண்கள் போட்டிக் குழுவின் புதிய தலைவராம். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், உங்களுக்குப் பக்கத்தில் எங்கள் சங்கத் தலைவர். பத்து வருடமாக நீங்கள் எதிர்பார்த்த நாற்காலி. அதற்குத் தகுதியும் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். "பூட்டு, இந்த நோட்டு என் வழியில் குறுக்கே நிக்குது, திரும்ப எடுத்துட்டுப் போயிடு" என்று சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். காலுறையை இழுத்ததற்கே விழுந்தவள் நான். என்னை ஏன் பொய்க்காரி ஆக்கினீர்கள்? அதுவும் உங்களுக்காகச் சொன்ன பொய்யை வைத்து?

அன்றைக்கு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன் போன வாரம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கிலோமீட்டரை நான் ஒரு நாளும் தப்பா எழுதுனதில்லம்மா. ஆனா விசாரணையில கேட்டா ஞாபகமில்லன்னுதான் சொல்லப்போறேன். ரிட்டயர்டு ஆக ஏழு மாசம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டு மாடி ஏறி வந்து என் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் ஒரு தபால் தலை கூட ஒட்டவில்லை.

மகள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம், நடித்தேன் என்றேன். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தன் கையுறையைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டாள். இப்போது என்னிடம் பேசுவதில்லை. இவர் மட்டும் பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நீ காரணமில்லாம விழறவ இல்ல" என்றார். அதற்குமேல் தோண்டவில்லை. பன்னிரண்டாம் தேதியும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் நான் தப்பித்தாலும் தப்பிக்கலாம். இரும்பு மனுஷியின் பெயர் தெருவுக்கு வரும். சொல்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொய் சொல்ல வரவில்லை. சொல்ல மாட்டேன், அக்கா. நீங்கள் செய்ததற்காக நானும் அப்படிச் செய்ய முடியாது. அந்த விஷயத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். எனக்கு எரிச்சலே அதில்தான்.

போட்டித் தொடக்க விழாவுக்கு நீங்கள் பத்தாம் தேதி வருகிறீர்களாம். உங்களுக்கு எந்த வண்டி, எந்த டிரைவர் என்று ஒதுக்குவது வழக்கமாக என் வேலை. இந்த முறை மீசைக்காரர் ஒதுக்கியிருக்கிறார். அதே வண்டி, அதே டிரைவர் அண்ணன். பெரிய மைதானத்திலிருந்து எங்கள் வீடு நான்கு கிலோமீட்டர். போக வர எட்டு. அவர் அதை அப்படியே எழுதுவார். எழுதட்டும் அக்கா, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

பச்சை நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். மேசைமேல் வைத்துவிட்டு, உள் அறையில் இருக்கும் என் பெண்ணிடம் மட்டும் காலுறையை இழுத்தது யார் என்று சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முப்பத்தாறு படி. உங்கள் முட்டிக்குக் கஷ்டம்தான், தெரியும். நடுவில் ஓர் இடத்தில் கைப்பிடி இருக்கிறது, அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கதவைச் சாத்தி வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாகனப் பிரிவில் பணிபுரியும் பெண்,
தேசிய அணியின் முன்னாள் கோல்கீப்பர்