அம்மா எழுந்து நின்ற வியாழன்

அன்பு மகள் பிரசாந்தினிக்கு,

லண்டன் நோர்பரியில் நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முறையிடுகிறது, கல்கரிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். பரானைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, அவனுடைய சமயத்தாரான அலெவிகள் யார் என்று நான் விசாரித்துக்கொண்டே இருந்தது உனக்குத் தெரியும், பத்திரிகைக்காரப் புத்தி. இசுலாத்தின் உள்ளுயிர் நாங்கள் என்றார் ஒருவர், இல்லை, எங்கள் வழியே தனி என்றார் அவருடைய தம்பி. நேரில் பார்ப்போம் என்று, பரானின் பெற்றோர் அழைத்தபடி, போன வியாழன் மாலை என்ஃபீல்டில் அவர்களுடைய ஜெம் வழிபாட்டுக்குப் போனோம்.

ஆண்களும் பெண்களும் கலந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வட்டமாக இருந்தார்கள். நீண்ட கழுத்துள்ள சாஸ் என்ற தந்தி வாத்தியத்தை ஒரு பெண் முத்தமிட்டு மடியில் வைத்தாள். வாசிப்பாள் என்று பார்த்தால் இல்லை. தெதே என்று அவர்கள் அழைக்கும் பெரியவர் ஏதோ கேட்டார். இங்கே யாருக்காவது யாரோடாவது மனத்தாங்கல் உண்டா, அதைத் தீர்க்காமல் தொடங்க முடியாது என்கிறார் என்று பரானின் தங்கை எலிஃப் ஆங்கிலத்தில் சொன்னாள். உன் அம்மா எழுந்து நின்றாள். எனக்கு இவரோட இருக்கு, பிள்ளை கேட்டு மூண்டு மாசம், ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை, ஊரெல்லாம் பேட்டி எடுத்துக்கொண்டு திரியிறார் என்று பொரிந்துவிட்டு, அதையே எலிஃபுக்கு ஆங்கிலத்திலும் சொன்னாள். இஞ்சாரும், இரும், பாட்டு முடியட்டும், வீட்டை போய்க் கதைப்பம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். இது தீராமல் பாட்டே இல்லையாம், கேட்டனீங்கள்தானே என்றாள்.

எலிஃப் அதைத் துருக்கிய மொழியில் சொல்ல, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சாஸ் வைத்திருந்தவளின் விரல்கள் தந்தியில் அசையாமல் கிடந்தன. பரானின் தாய் மட்டும் தலை குனிந்திருந்தார். நான் சேர்த்த செய்திகளில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கலியாணத்துக்கு ஓம் என்றேன். தெதே என் சொல்லோடு விடவில்லை, அம்மாவுக்குத் திருப்தியா என்று கேட்டார். இதுக்குத் திருப்தி, மிச்சம் வீட்டை இருக்கு என்றாள் அம்மா. எலிஃப் அதையும் துருக்கிய மொழியில் சொல்ல சபை சிரித்தது, பிறகுதான் சாஸ் ஒலித்தது. பாட்டுக்கு ஆணும் பெண்ணும் கொக்குகள் வட்டமிடுவதுபோலச் சுழன்றார்கள், இது ஆட்டமில்லை, வழிபாடு என்றாள் எலிஃப். பாட்டின் பொருளை நான் கேட்கவில்லை.

ஞாயிறு பரானின் வீட்டார் கலியாண நாள் பேச இங்கே சாப்பிட வருகிறார்கள். உன் மனம் மாறியிருந்தால் சனிக்கிழமைக்குள் சொல், நான் சபையில் சொல்லிவிட்டேன். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ வேண்டும். ஒன்று மறக்காதே, அன்று புறப்படும்போது பரானின் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் துருக்கிய மொழியில் ஏதோ சொன்னார், எலிஃப் பக்கத்தில் இல்லை. என்ன சொன்னார் என்று பரானை அவரிடம் கேட்கச் சொல்லி எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா சபாரத்தினம்