தம்பின் ஸ்டேஷனில் கொடுத்த விலாசம்

இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்ட மகளிடமிருந்து, ஆசை அப்பாவுக்கு.

மலாக்காவில் காஜா பெராங் வீட்டைக் காலி செய்துவிட்டோம். கோபப்படாதீர்கள். எனக்குக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிவிட்டது. தாதி உடுப்பில் என்னை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா?

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. கொடியே மாறிவிட்டது, மலாக்காவுக்கு ரயில் மட்டும் திரும்பவில்லை. ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளம் போனது போனதுதான். அதைச் சயாமில் போடத்தானே உங்களையும் சேர்த்துக் கொண்டுபோனான்? இப்போது தம்பின் ஊர் ஸ்டேஷன் வரை பஸ்ஸில் போய்த்தான் கோலாலம்பூர் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

நீங்கள் கார்டாக இருந்த மலாக்கா வண்டி தாமதமானால், தம்பினில் அது நிற்கும் முன்பே குதிப்பீர்கள். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோலாலம்பூர் போகும் பெரிய வண்டியின் கார்டிடம் ஓடுவீர்கள். "ரெண்டு நிமிசம் நில்லுங்கண்ணே, மலாக்கா ஜனம் இறங்கிக்கிட்டிருக்கு!" ஒருவர் விடாமல் வண்டி மாற்றி ஏற்றிவிட்ட பிறகுதான் உங்களுக்குத் தேத்தண்ணியே தொண்டையில் இறங்கும். ஊரையே ஏற்றிவிட்ட மனிதருக்கு வீட்டுக்கு வர ஒரு வண்டி கிடைக்கவில்லையா, அப்பா?

அம்மா முதலில் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அவரு வந்து நிக்கிறப்ப கதவு பூட்டிக் கெடக்கணுமா?" இதே கேள்விதான், எத்தனை வருஷமாக! நெற்றியில் குங்குமம் ஒருநாள் குறைந்ததில்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களோடு சயாமுக்குப் போன மாணிக்கம் மாமா போன வருஷம் என் வார்டில் படுத்திருந்தார். நீங்கள் காய்ச்சலில் போனதையும், ஆற்றோரம் தானே குழி வெட்டி உங்களைப் புதைத்ததையும் சொல்லிச் சொல்லி அழுதார். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன் மாமா" என்றேன். சொல்லவில்லை. அம்மாவின் நெற்றியைப் பார்த்தால் எனக்கு நா எழவில்லை. உங்களிடமே கேட்கிறேன், நான் செய்தது தப்பா?

வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் அம்மா பெட்டியைக் கட்டினார். தம்பினில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், என்னைக்கூடப் பார்க்காமல் டிக்கெட் கொடுக்கும் கிராணியிடம் போய் நின்றார். கையில் எங்கள் கோலாலம்பூர் விலாசம் எழுதிய துண்டுத்தாள்.

"தம்பி, மலாக்கா வண்டி எங்க நிக்குதுன்னு ஒருத்தர் வந்து கேட்டா, அது இப்ப ஓடலைன்னு சொல்லுங்க. வீட்டுல உள்ளவங்க இங்க இருக்காங்கன்னு இதைக் குடுத்திடுங்க."

கிராணி நல்ல பிள்ளை. தாளை வாங்கிக்கொண்டு, "எப்ப வருவாருங்கம்மா?" என்று கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "அது இவளுக்குத்தான் தெரியும். ஒரு வருசமா இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"வரமாட்டாருங்க" என்றேன்.

கிராணி தாளைத் திருப்பி நீட்டினார். அம்மா அதைக் கையால் தள்ளிவிட்டார்.

"இருக்கட்டும் தம்பி. நீங்களே வச்சிருங்க."

ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

அப்பா, உங்களுக்கு அனுப்ப விலாசம் இல்லாததால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கப்போகிறேன்; அதற்கு முன் இன்று சாயங்காலமே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். ஆற்றோரத்தில் நடந்ததை ஒரு வரிகூட விடமாட்டேன். அவர் எவ்வளவு அழுதாலும் பாதியில் எழுந்து போகமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பிள்ளை,
சரோஜா