டோர்னக்கல்லில் நிற்காத வண்டி

மே 8, வெள்ளி

வெயில். சாயங்காலம் காற்று மட்டும், மழை இல்லை. குழாய்த் தண்ணீரில் மறுபடி பாசி வாடை. வாசலில் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைக் கழுவி இரண்டு கோடை ஆகிறது. போன வருடம் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். இந்த வருடம் அண்ணன் இல்லை.

இல்லை என்றால் வீட்டில் இல்லை. நகரத்தின் அந்தக் கோடியில், ஆபீஸ் பக்கத்தில் ஃப்ளாட். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னான். தீபாவளியிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. அவன் வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

அம்மா: "ஆள் வச்சுக் கழுவிடலாங்க."

"நக்கோ, வேணாம்," என்றார் அப்பா. "மேல நிக்கறவன் போன் பேசிக்கிட்டிருப்பான். உள்ள இருக்கறவன் கதி?"

நான் இறங்குகிறேன் என்றேன். "நீ வாளியத் தூக்குவியா, வாளி உன்னத் தூக்குமா?" என்றார்.

அம்மா சமையலறைக்குள் போய் மெல்லிய குரலில் போன். யாருக்கு என்று கேட்கவில்லை.

மே 9, சனி

தண்ணீர் வரும் நாள். சம்ப்பில் விடாமல் குடங்களில் பிடித்தோம். பழையதை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு. அடியில் மிச்சம் வண்டல்தான். மூடி திறந்து வைத்தாயிற்று. இரவு முழுக்கக் காற்றுப் போக வேண்டும், அப்பா சட்டம். யாரும் விழாமல் சுற்றிலும் நாற்காலி.

வாங்க: ப்ளீச்சிங் பவுடர், தென்னந்துடைப்பம், மெழுகுவத்தி. லைப்ரரி புக் திருப்ப வேண்டும். பாதிகூடப் படிக்கவில்லை, அதில் வரும் குடும்பத்தில் எல்லோருக்கும் மூன்று மூன்று பெயர்.

நாங்கள் பள்ளியில் படித்த காலம். அப்பா ரிட்டயராகவில்லை, ராமச்சந்திராபுரத்தில் ஃபாக்டரி வேலை. கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே. செகந்திராபாத் வீட்டுக்குத் திரும்பும்போது நாங்கள் பாடம் முடித்திருப்போம். வெளிச்சத்தில் அவரைப் பார்ப்பது ஞாயிறுகளில். அதிலும் சம்ப் ஞாயிறு தனி. அவர் உள்ளே. மேலே அண்ணன் வாளி இழுக்க, நான் கொய்யாமரத்துக்கு ஊற்ற, அம்மா மூவரையும் திட்ட.

உள்ளே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் மயக்கமோ என்று பயம். அவ்வளவு நேரம் என்ன பேசுவது? வருடாவருடம் மெட்ராஸ் போகிற வழியின் ஸ்டேஷன்கள். முறை வைத்து அப்பா, அண்ணன், நான். செகந்திராபாத், காஜிபேட், வாரங்கல், மகபூபாபாத், டோர்னக்கல், கம்மம். அண்ணன் எப்போதும் டோர்னக்கல்லை முழுங்கிவிடுவான். "வண்டி கவுந்துச்சு! திரும்ப செகந்திராபாத்!" கீழிருந்து அப்பா குரல், ஏழெட்டு அப்பாக்கள் சேர்ந்து கத்துவதுபோல. ஒருமுறை சிரித்துச் சிரித்து அண்ணன் வாளியை விட்டான். அப்பா தலை முழுக்கச் சேறு. மேலே வந்தும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் வேறெங்கும் கேட்ட ஞாபகம் இல்லை.

மே 10, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். அப்பா சம்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், பேப்பரோடு. கேட்டில் அண்ணன். காலேஜ் காலத்து அரைக்கால் சட்டை.

அப்பா அம்மாவிடம்: "யாரு வரச்சொன்னது?"

"தண்ணி வரச்சொல்லுச்சு," என்றாள் அம்மா.

அண்ணனும் அம்மாவிடமே: "அவரைத் தள்ளி உக்காரச் சொல்லும்மா. சேறு தெறிக்கும்."

"எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

அம்மா: "நான் என்ன போஸ்ட்டாபீஸா?"

மெழுகுவத்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தோம். அணையவில்லை, உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறது. அண்ணன் ஏணியில் இறங்கினான். இழுப்பது நான், கொய்யாமரத்துக்கு அம்மா. வாளி வந்தது, போனது. துடைப்பம் தேய்க்கும் சத்தம் மட்டும். யாரும் ஸ்டேஷன் பெயரை எடுக்கவில்லை. நான் "இருக்கியா?" என்றால் கீழிருந்து ஆமாம் என்பதற்கு ஒரு "ஹவ்." அவ்வளவுதான்.

துடைப்பச் சத்தம் நின்றது.

நான் கூப்பிட வாய் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு கத்தல்:

"செகந்திராபாத்!"

அப்பா. பேப்பர் சேற்றில். வலிக்கிற முட்டியை ஊன்றி, சம்ப் வாய்க்குள் தலை.

கீழே துடைப்பம் விழும் சத்தம். அப்புறம், கனத்த எதிரொலியோடு:

"காஜிபேட்."

என் முறை. "வாரங்கல்!"

"மகபூபாபாத்!"

கீழே மறுபடி துடைப்பம் தேய்க்கும் சத்தம். "கம்மம்."

மரத்தடியில் அம்மா காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வண்டி கவுந்துச்சுடா!" என்றார் அப்பா. "திரும்பப் போ!"

கழுவி முடிக்கும்வரை வண்டி விஜயவாடா என்ன, கம்மத்தையே ஒழுங்காகத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் டோர்னக்கல்லை விட்டான். மறந்துபோயா விட்டான்?

ஆனால் மேலே ஏறி வந்ததும் பழையபடிதான். சாப்பாட்டில் அப்பா ரசத்தைப் பார்த்தார், அண்ணன் அப்பளத்தைப் பார்த்தான். கிளம்பும்போது "வரேம்ப்பா" என்றான். அப்பா கொடியில் காயப்போட்ட பேப்பரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா பாத்திரங்களை அழுத்தித் தேய்த்தாள்.

மே 11, திங்கள்

லேசான தூறல். தண்ணீர் வந்தது. வாடை இல்லை. அம்மா டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், அப்பாவிடம் நீட்டினாள். முழுக்கக் குடித்தார். கண்ணாடியைத் தேடினார். போனைத் தேடினார். அதில் அண்ணன் பெயரைத் தேட இன்னும் நேரமானது.

"டேய். டோர்னக்கல்."

வைத்துவிட்டார்.

லை. புக் இன்றும் திருப்பவில்லை. அதோ, அப்பாவின் போன் அடிக்கிறது. அம்மா போகப் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே எடுக்கட்டும்.