மெத்தை அடுக்குக்குப் பின்னால் குடியேறிய விருந்தாளி

அன்பு மருமகள் சைகலுக்கு, நாரின் ஆற்றின் இடக்கரைக்கும் ஐந்து ஆடுகளுக்கும் அதிபதியான உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம், ஆடுகளும் சுகம், கசானில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி அலிநூரும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும். வீடியோவில் உன் அம்மா என்னை வாய் திறக்க விடுவதில்லை, அதனால்தான் காகிதம். இனி சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று கல்பக் தொப்பியைக் கழற்றிவைத்துச் சத்தியம் செய்கிறேன்.

வீட்டுக்கு இணையப் பெட்டி வந்த அன்று உன் அம்மா அதை விருந்தாளியாகவே நடத்தினாள், வாசலருகே உட்கார வைப்பது மரியாதையா என்று எதிர்ச்சுவரோரம் பெரியவர்கள் உட்காரும் இடத்தில், உன் மெத்தை அடுக்குக்குப் பின்னால் குடியேற்றிப் பூவேலைத் துணியும் போர்த்தினாள். அந்த அடுக்குக்குள் ஒளிந்து நீ தூங்கிப்போனதும், ஊரே ஆற்றங்கரையில் உன்னைத் தேடியதும் நினைவிருக்கிறதா? நீ போன பிறகு உன் அம்மா வருஷம் ஒரு மெத்தை தைத்து ஏற்றியதில், இப்போது அது கூரையைத் தூக்கி நிறுத்துகிறது. தொட்டால், "எம்பொண்ணு வந்து படுப்பா, கைய எடு அண்ணே" என்பாள்.

அத்தனை கம்பளியும் மண்சுவரும் தாண்டி, முற்றத்துக்கு அப்பால் உன் அம்மா போனில் உன்னைப் பார்க்கும் அடுப்படிக்கு இணைய அலை குற்றுயிராக வந்து சேரும். உன் மூக்கு திங்கட்கிழமை வரும், வாய் வியாழக்கிழமை வரும். ஒருமுறை உன் முகம் உறைந்து நின்றதும், பிள்ளை குளிரில் விறைத்துவிட்டாள் என்று போனுக்குப் பக்கத்தில் தேநீர் கொதிக்கும் சமோவாரைப் பற்றவைத்தாள். எட்டுவைக்கத் தொடங்கிய அலிநூரின் கால்களைக் கட்டிக் கயிறு அறுக்கும் விழாவுக்கு நாள் குறித்தாய் என்றதும் அழுதேவிட்டாள். "எம்பேரன் ஒரு காலத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டான்னா நான் தாங்கமாட்டேன் அண்ணே" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் குட்டிப் பெட்டி ஒன்றை ஆப்பிள் மரத்தில் ஏற்றினேன். ஒரு காக்கை அதை அடைகாத்தது, பொரித்த குஞ்சுகள் ருஷ்ய மொழியில் கத்தின, படம் மட்டும் வரவில்லை. கம்பி இழுக்கும் மீரிம் வந்து பார்த்தாள். "செத்த அலைய மரத்துல ஏத்துனா உசிரு வந்துடுமா மாமா? அடுப்படிவரைக்கும் கம்பி இழுத்து, குட்டிப் பெட்டிய அது முனையில மாட்டுங்க. பெரிய பெட்டி தெறந்த எடத்துல இருக்கணும், மெத்தையும் எறங்கணும்" என்றாள். உன் அம்மா ஒரு சமோவார் தேநீரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

மீரிம் சொன்னபடியே கம்பி அடுப்படிக்கு வந்தது, பிறகு விழா நாளும் வந்தது. கயிறு அறுக்க ஓடிவந்த பிள்ளைகள் கிளப்பிய தூசியில் நான் இங்கே தும்மினேன், அலிநூர் எட்டுவைத்த அதிர்வில் எங்கள் அடுப்படிக் கிண்ணங்கள் உருண்டன. அவன் நிற்கவே இல்லை, நேராக உன் அம்மா மடிக்கே வந்துவிடுவான் என்று நாங்கள் கதவைத் திறந்துவைத்தோம்.

நீங்கள் மூவரும் நூறாண்டு வாழ்க. உன் வீட்டுப் பெட்டியையும் அலமாரிக்குள் பூட்டாதே, உயரத்தில் திறந்து வை. மேலே எழுதியதில் எதையும் நம்பாதே, ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். மெத்தைகளை உன் அம்மாதான் இறக்கினாள், யாரையும் தொடவிடவில்லை. இன்னும் திரும்ப அடுக்கவும் இல்லை, விரித்தே வைத்திருக்கிறாள்.

உன் மாமன்,
குபாத்பெக்