பஞ்சம்மாள் சொல்லாத பெயர்

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் விட்டதா? நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் என் ஆங்கில வகுப்பு நன்றாகவே நடக்கிறது. மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் பஞ்சம்மாள் அக்காவுக்கு நாளை மறுநாள் விசா நேர்காணல். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். கணவர் பெயரைக் கேட்டால் மட்டும் வாயே திறப்பதில்லை. இன்று கத்திவிட்டேன்.

"நீங்களுந்தான் டீச்சர், இங்கன வந்து ஆறு மாசமாச்சு. அவுக பேரை ஒருநாளும் சொல்லலையே. இருக்காகளா?" என்றார்.

வகுப்பே என்னைப் பார்த்தது. "செல்வமணி" என்று உங்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அப்புறம் இலக்கணம் எதுவும் நடத்த முடியவில்லை.

அலமாரியில் என் பழைய அகராதி இருக்கிறது. தபாலில் அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கொடுத்துவிட்டுத் திரும்பினாலும் போதும்.

மாலை வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

எப்சிபா